பல்கலைக்கழக வளாகத்துக் கலைப்படைப்புகளைப் பதிவு செய்வதும் பராமரிப்பதும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
பதிவிட்டவர்: நூலகத்துத் திண்ணை

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உதவி நூலகராகப் பணிபுரிகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு பதிவாளர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஓர் ஆணை வந்தது. வளாகத்திலுள்ள ஓவியங்கள், சிற்பங்கள், சுவர்ச் சித்திரங்கள் அனைத்தையும் ஆறு மாதங்களுக்குள் பட்டியலிட்டு, அவற்றைப் பராமரிப்பதற்கான நெறிமுறை ஒன்றையும் வரைந்து தர வேண்டும் என்பது அதன் சாரம். நூல்களுக்குச் சேர்க்கை எண் இட்டுப் பழகியவள் என்பதைத் தவிர இந்தப் பணிக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

இதுவரை வளாகத்தைச் சுற்றி வந்ததில் கண்டவற்றைச் சொல்கிறேன். ஒரு புலத்தலைவரின் அறையில் கையொப்பமிட்ட எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று தொங்குகிறது. இருப்புப் பதிவேட்டில் அது, நாற்காலிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் நடுவே, ‘படம், மரச்சட்டத்துடன், 1’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அதே பதிவேட்டில் அதே சொற்களில் எழுதப்பட்ட வேறு நான்கு படங்கள் ‘பழுதடைந்தவை’ என்று கழிக்கப்பட்டிருக்கின்றன. அவை என்ன படங்கள் என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. நுழைவாயிலருகே உழவர் குடும்பம் ஒன்றைக் காட்டும் சிமெண்ட் சிற்பம் இருக்கிறது. ஒவ்வொரு பட்டமளிப்பு விழாவுக்கு முன்னரும் அதற்கு எனாமல் வண்ணம் அடித்துவிடுகிறார்கள். நிறுவனர் ஓவியத்தின் நெற்றியில், பிறந்தநாள்தோறும் சந்தனமும் குங்குமமும் நேரடியாக வண்ணத்தின்மீதே வைக்கப்படுகின்றன. இவையெல்லாவற்றையும்விட அவசரமானது, பழைய நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில் கண்ணாடிச் சில்லுகளாலும் ஓட்டுத் துண்டுகளாலும் பதிக்கப்பட்டுள்ள பெரிய சித்திரம். அந்தக் கட்டடத்தை அடுத்த ஆண்டு இடிக்கவிருக்கிறார்கள்.

இப்பணியை எங்கிருந்து தொடங்குவது, அந்தச் சுவர்ச் சித்திரத்தைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றில் அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1
பதிவிட்டவர்: சேமவைப்பறை

வணக்கம் அம்மா. அருங்காட்சியகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகப் பதிவேடு பேணி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நூலகராக இருப்பதைக் குறைவாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஒரு பொருளுக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரு பொருள், எண்ணை மறுமுறை வேறொன்றுக்கு வழங்கக் கூடாது என்ற மூன்று விதிகளும் உங்கள் கைக்கு ஏற்கெனவே பழகியவைதாம்.

முதல் சுற்றில் எதையும் துடைக்கவோ இடம் மாற்றவோ வேண்டாம். பார்ப்பது, அளப்பது, படமெடுப்பது ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1990களில் ‘கெட்டி’ என்ற அமெரிக்கக் கலை நிறுவனத்தின் முயற்சியில் உருவாகி, இப்போது பன்னாட்டு அருங்காட்சியக அவையான ஐகாம் பேணிவரும் ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற அடையாளக் குறிப்பு முறை உங்களைப் போன்றோருக்கு மிகவும் ஏற்றது. திருடுபோன பொருளைக் காவல்துறையிடம் எப்படி விவரிப்பது என்ற நோக்கில் வகுக்கப்பட்டதாகையால், அதில் தேவையற்ற புலமைச் சுமை இல்லை: பொருளின் வகை, செய்பொருளும் செய்முறையும், அளவு, கையொப்பம் போன்ற பொறிப்புகள், கீறல் அல்லது ஒட்டுவேலை போன்ற தனி அடையாளங்கள், தலைப்பு, சித்திரிக்கும் பொருள், காலம், படைத்தவர், இவற்றோடு ஒளிப்படங்கள். ஓவியத்தின் பின்புறத்தையும் கட்டாயம் படமெடுங்கள். பழைய கண்காட்சிச் சீட்டு, சட்டம் போட்ட கடையின் முத்திரை, பென்சிலில் எழுதிய விலை ஆகியவை முன்புறம் சொல்லாத வரலாற்றைச் சொல்லும்.

எண்ணைப் பொருளின்மீது எழுதுவதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். நூலுக்கு ஒட்டும் சீட்டை ஓவியத்துக்கு ஒட்டாதீர்கள்; அலுவலகங்களில் மேசைக்கும் அலமாரிக்கும் எழுதுவதுபோல வெள்ளை எனாமலில் எழுதவே கூடாது. துணி ஓவியமாயின் அதை இழுத்துக் கட்டியுள்ள மரச்சட்டத்தின் பின்புறத்திலும், தாளாயின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலாலும் எழுதலாம். உலோகத்திலும் கல்லிலும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிய படலமாகப் பூசி, அது உலர்ந்தபின் அதன்மேல் மையால் எழுதி, மீண்டும் ஒரு படலம் பூசுவது வழக்கம். பின்னாளில் வேண்டாமென்றால் அசிட்டோனால் துடைத்து நீக்கிவிடலாம் என்பதே அதன் சிறப்பு.

நிறுவனர் படத்துக்கு எளிய வழி இருக்கிறது. நல்ல தரத்தில் ஒரு நகல் அச்சிட்டுக் கண்ணாடி போட்டு, மாலையும் சந்தனமும் அதற்கு என்று வைத்துவிடுங்கள். மரியாதையை நிறுத்தச் சொன்னால் எதிர்ப்பு வரும். மரியாதைக்குரிய இடத்தை மாற்றினால் எவரும் மறுக்க மாட்டார்கள். மூலப்படத்தை வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். மாட்டியே ஆக வேண்டுமென்றால், சட்டத்தின் நான்கு மூலைகளிலும் பின்புறமாகத் தக்கைத் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போக வழிசெய்யுங்கள். மழைக்காலத்தில் சுவர் குடிக்கும் ஈரத்தைத் துணியும் சேர்ந்து குடிப்பதால்தான் பூஞ்சணம் படர்கிறது. கரையானும் அவ்வழியாகவே ஏறுகிறது.

மறுமொழி 2
பதிவிட்டவர்: சுதையும் கம்பியும்

நான் சிற்பம் கற்பிப்பவன். அந்தச் சிமெண்ட் உழவர் குடும்பத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சிமெண்ட் சிற்பத்தின் நோய் உள்ளிருந்து வருகிறது. உள்ளே எலும்புக்கூடாக இரும்புக் கம்பி இருக்கும். புதிய சிமெண்டின் காரத்தன்மை அக்கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளாக உள்ளே ஊடுருவ ஊடுருவ அந்தக் காரத்தன்மை குறைந்து, ஈரமும் சேர்ந்தால் கம்பி துருவேறத் தொடங்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால், சிமெண்ட் உள்ளிருந்து நெட்டித் தள்ளப்பட்டு வெடிக்கிறது. இந்நிலையில் மேலே எனாமல் பூசினால் விரிசல் கண்ணுக்கு மறைகிறது. அடித்தளம் வழியாகவும் விரிசல் வழியாகவும் ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. ஆண்டுதோறும் வண்ணம் உரிவதற்குக் காரணம் வண்ணக்காரரின் குறை அன்று, உள்ளிருந்து தள்ளும் ஈரம்தான். உரிந்தது என்று மறுபடி பூசுகிறார்கள். பத்துப் பூச்சுக்குப்பின் உழவரின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள்.

மேற்பரப்பைப் பற்றியும் ஒரு சொல். சாந்திநிகேதனில் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938இல் செய்த ‘சந்தால் குடும்பம்’, 1956இல் செய்த ‘ஆலை அழைப்பு’ ஆகிய இரண்டும் சிமெண்டோடு அவ்வூர்ச் செம்மண் சரளைக் கற்களைக் கலந்து, கம்பிக்கூட்டின்மீது அப்பி எழுப்பப்பட்டவை. அந்தச் சொரசொரப்பும் மண்ணின் நிறமும்தான் அவற்றின் உயிர். பளபளக்கும் ஒரு பூச்சை அவற்றின்மேல் கற்பனை செய்து பார்த்தாலே உடல் கூசுகிறது. உங்கள் வளாகச் சிற்பத்திலும் அடியில் என்ன பரப்பு இருக்கிறது என்று அறிய, கண்ணில் படாத மூலையில் ஓர் அங்குலச் சதுரத்துக்குப் பூச்சை அடுக்கடுக்காக நீக்கிப் பார்க்கலாம். இதைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் ஒருவரே செய்ய வேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கும் எவரையும் பக்கத்தில் விடாதீர்கள். இந்த ஆண்டு செய்ய வேண்டியது, வண்ணம் பூசாமல் இருப்பது ஒன்றுதான். அதற்குச் செலவும் இல்லை.

வெண்கலச் சிலைகள் இருந்தால், அவற்றைப் பித்தளைக் குடம்போலப் புளி போட்டுத் துலக்குவதைத் தடுத்துவிடுங்கள். புளியின் அமிலம், காலம் கட்டிய மேற்படலத்தைத் தின்றுவிடும். சீராகப் படிந்த கரும்பழுப்புக் களிம்பு உலோகத்துக்குப் போர்வை போன்றது. அதற்கிடையே வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாக உதிர்ந்தால் மட்டும் அஞ்ச வேண்டும். குளோரைடு உப்பால் வரும் அந்த அரிப்புக் கடற்கரை ஊர்களில் அதிகம். அத்தகைய சிலையை நீங்களாகத் தொடாமல், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவை அணுகுங்கள். 1930இல் தொடங்கப்பட்ட அப்பிரிவுக்கு வெண்கலத்தைக் காப்பதில் நீண்ட மரபு உண்டு.

மறுமொழி 3
பதிவிட்டவர்: வாய்தா

சுவர்ச் சித்திரம் குறித்த கேள்விக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து விடை தருகிறேன். இது பொதுத் தகவலே. உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்ட ஆலோசகரிடம் எழுத்துமூலக் கருத்துப் பெறாமல் எதுவும் செய்யாதீர்கள்.

கட்டடமும் சுவரும் பல்கலைக்கழகத்தின் சொத்து. ஆயினும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பு கைமாறிய பின்னரும், பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்த பின்னரும், படைத்தவரிடம் இரண்டு உரிமைகளை விட்டுவைக்கிறது. படைப்பு தம்முடையது என்று கோருவது ஒன்று. தம் மதிப்புக்கோ புகழுக்கோ ஊறு நேரும் வகையில் படைப்பைச் சிதைத்தாலோ திரித்தாலோ தடுப்பதும் இழப்பீடு கேட்பதும் மற்றொன்று. படைத்தவருக்குப் பின் அவருடைய சட்டப்படியான பிரதிநிதிகள் இவ்வுரிமைகளைப் பயன்படுத்தலாம்.

இதற்குச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கே முதன்மையான முன்மாதிரி. புது தில்லி விஞ்ஞான் பவனுக்காக அரசு 1957இல் ஒப்படைத்த பணியின்படி அவர் உருவாக்கிய பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம், 1979இல் அவருக்கு அறிவிக்காமலேயே கழற்றப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. துண்டுகள் சேதமுற்றன, சில காணாமலும் போயின. 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பி அளிக்கவும் ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. பொருளை வாங்கியவர் அரசே ஆனாலும், அதைப் பேணாமல் அழியவிட்டதற்குப் பொறுப்பேற்க நேர்ந்தது என்பதை உங்கள் பொறியியல் பிரிவுக்கு எடுத்துச் சொல்லலாம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உங்களைத் தவறாக வழிநடத்தியவன் ஆவேன். 1972இல் கட்டப்பட்டு 2017இல் இடிக்கப்பட்ட தில்லி ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ குறித்துக் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் தொடுத்த வழக்கில், அதே நீதிமன்றம் 2019இல் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. ஒரு கட்டடத்தை முழுமையாக இடித்துவிடும் உரிமையாளரைக் கட்டடக் கலைஞர் 57ஆம் பிரிவைக் கொண்டு தடுக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. கட்டடத்தோடு ஒட்டிய சுவர்ச் சித்திரம் இவ்விரண்டு தீர்ப்புகளில் எதன் பக்கம் சாயும் என்பதில் வழக்கறிஞர்களுக்குள் வாதத்துக்கு நிறைய இடமுண்டு. எனவேதான் வழக்கு வரும் முன்பே படைத்தவரையோ குடும்பத்தாரையோ கண்டுபிடித்து, இடிப்புத் திட்டத்தை எழுத்தில் அறிவித்து, அவர்களுடைய கருத்தையும் எழுத்தில் பெற்றுக் கோப்பில் வையுங்கள் என்கிறேன். முடிவெடுக்க வேண்டியது ஆட்சிக்குழு. பொறியாளரோ நீங்களோ அன்று. இதை உங்கள் பாதுகாப்புக்காகவும் சொல்கிறேன்.

பட்டியலைக் கைநூலாகவோ நாட்காட்டியாகவோ அச்சிடும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஓவியத்தை விலைக்கு வாங்கியதாலேயே அதன் பதிப்புரிமையும் வந்துவிடுவதில்லை. பணியின் ஒரு பகுதியாக ஊழியர் வரைந்தது, பணம் கொடுத்து வரையச் சொன்னது போன்றவற்றுக்குச் சட்டத்தில் தனி விதிகள் உள்ளன. மற்றபடி உரிமை மாற்றத்துக்கு எழுத்துமூல ஆவணம் வேண்டும். பாதுகாப்புக் காலம், படைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டுகள். பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் நிலையாக நிறுவப்பட்ட சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அறைக்குள் தொங்கும் ஓவியத்துக்கு அந்த விலக்கு இல்லை.

மீண்டும் கேள்வியாளர்
பதிவிட்டவர்: நூலகத்துத் திண்ணை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உழவரின் விரல்களைப் போய்ப் பார்த்தேன். ஐயா சொன்னது உண்மை, வலக்கையில் நான்கு விரல்களும் ஒரே கட்டியாக இருக்கின்றன.

இன்னும் ஓர் இடர்ப்பாடு. ஓவியங்களில் பெரும்பாலானவை அதிகாரிகளின் அறைகளில் உள்ளன. அவற்றை அளக்கச் சென்றபோது ஓரிருவர், ‘இது நான் வந்த நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறது’ என்றார்கள். வேறொருவர் தம் முன்னோர் ஒருவர் பரிசாகப் பெற்றுவந்த படம் என்றார். எது பல்கலைக்கழகத்துடையது என்று எப்படி நிறுவுவது?

மறுமொழி 4
பதிவிட்டவர்: ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்

வேறொரு பல்கலைக்கழகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவன். இருப்புப் பதிவேட்டை நம்பி உட்கார்ந்தால் உங்களுக்கு எதுவும் கிடைக்காது, அம்மா. படம் வந்த வழியைப் பணம் போன வழியில் தேடுங்கள். ஆட்சிக்குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், கட்டடத் திறப்பு விழா அழைப்பிதழ்கள், அந்த ஆண்டின் பற்றுச்சீட்டுக் கோப்புகள், பொதுப்பணித் துறை தந்த கட்டட மதிப்பீடு ஆகியவற்றைப் புரட்டுங்கள். சுவர்ச் சித்திரத்துக்குக் கொடுத்த தொகை பெரும்பாலும் ‘உள் அலங்காரம்’ என்ற தலைப்பில் ஒளிந்திருக்கும். பணம் பெற்றுக்கொண்டதற்காகக் கலைஞர் இட்ட கையெழுத்தும், அதன் கீழே அவருடைய முகவரியும் பற்றுச்சீட்டில்தான் இருக்கும். பட்டமளிப்பு விழாப் படத்தொகுப்புகளையும் விடாதீர்கள். எந்தத் துணைவேந்தருக்குப் பின்னால் எந்தப் படம் தொங்கியது என்பதற்கு அவற்றைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

அறைகளிலுள்ள படங்களைப் பறிக்க முயலாதீர்கள். மூன்று மாதத்தில் உங்களை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, ‘இந்தப் படம் தங்கள் அறையில் தங்கள் பொறுப்பில் உள்ளது’ என்று ஒரு பக்க ஒப்புகைச் சீட்டு அச்சிட்டு, படத்தின் சிறு ஒளிப்படத்தையும் அதில் ஒட்டி, கையொப்பம் வாங்குங்கள். கையெழுத்திட்டவர் பணி ஓய்வு பெறும்போது தரவேண்டிய நிலுவையின்மைச் சான்றோடு இதையும் இணைக்கும்படி பதிவாளரிடம் ஒரு சுற்றறிக்கை வாங்கிவிட்டால், பிறகு நீங்கள் தேடிப் போக வேண்டாம். படமே உங்களைத் தேடி வரும். தம்முடையது என்று சொன்னவர் அதையும் எழுத்தில் தரட்டும். எழுத்தில் கேட்டால் பாதி உரிமைகள் தாமே கரைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டையும் பிரித்துவிடுங்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் நிலைச் சொத்துகளுக்கு 22ஆம் படிவமும், வரலாற்று, கலை மதிப்புள்ள பொருள்களுக்கு 24ஆம் படிவமும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. மாநிலப் பல்கலைக்கழகத்தை அவ்விதிகள் கட்டுப்படுத்தாவிட்டாலும், தணிக்கையாளரிடம் காட்டுவதற்கு நல்ல ஆதாரம். நாற்காலிப் பதிவேட்டில் இருக்கும்வரை படத்துக்கும் நாற்காலியின் கதிதான்: தேய்மானம் கணக்கிடுவார்கள், பத்தாண்டில் ஏலம் விடுவார்கள். கலைப்பொருள் பதிவேட்டிலிருந்து ஒன்றை நீக்க ஆட்சிக்குழுத் தீர்மானம் வேண்டும் என்ற ஒரு வரியை நெறிமுறையில் சேர்த்துவிட்டால், மற்ற பக்கங்களை எவரும் படிக்காமல் போனாலும் பாதகமில்லை.

மறுமொழி 5
பதிவிட்டவர்: பாஸ்டன் பனி

அமெரிக்காவில் பல்கலைக்கழக அருங்காட்சியகம் ஒன்றில் பணிபுரிகிறேன். வசதி மிக்க இடங்களிலும் இதே கதை நடந்திருப்பதால் சொல்கிறேன்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோலியோக் மையக் கட்டடத்து உச்சித்தளத்தில் இருந்த ஓர் உணவுக்கூடத்துக்காக மார்க் ராத்கோ 1960களின் தொடக்கத்தில் வரைந்த ஐந்து பெரிய ஓவியங்கள் 1964இல் அங்கே நிறுவப்பட்டன. பெரிய சன்னல்கள்; வெளியே நகரத்தின் அழகிய காட்சி. திரைச்சீலைகளை மூடி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விருந்துக்கு வந்தவர்களோ காட்சியைப் பார்க்கத் திரையை விலக்கினார்கள். ராத்கோ பயன்படுத்திய சிவப்பு வண்ணங்களுள் ஒன்றான லித்தால் ரெட் வெயிலில் நிற்காத வண்ணம். கருஞ்சிவப்பாக இருந்த பரப்பு வெளிறி நீலம் தட்டியது; உணவுக் கறையும் கீறலும் சேர்ந்துகொண்டன. 1979க்குள் எல்லாவற்றையும் இறக்கி இருட்டறையில் வைத்துவிட்டார்கள். 2014இல் அவற்றை மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, ஓவியத்தை ஒரு தூரிகையாலும் தொடாமல், இழந்த நிறத்தை மட்டும் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, ஒளிவீழ்த்தியால் (புரொஜெக்டர்) பரப்பின்மீது பாய்ச்சிப் பழைய தோற்றத்தைக் காட்டினார்கள். மாலையில் அந்த ஒளியை அணைக்கும் நேரத்தைப் பார்க்கவே கூட்டம் கூடியது என்பார்கள்.

அறையைப் பயன்படுத்துபவருக்குத் தெரியாத நிபந்தனை, கோப்பில் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், இல்லாத நிபந்தனைக்குச் சமம். ஐயா சொன்ன ஒப்புகைச் சீட்டிலேயே, ‘இப்படத்தின்மீது நேர் வெயில் படக் கூடாது, இதைத் துடைக்கக் கூடாது’ என்ற இரு வரிகளைச் சேர்த்துவிடுங்கள். அளவுகோல் வேண்டுமென்றால், தாளோவியத்துக்கும் நீர்வண்ணத்துக்கும் 50 லக்ஸ் (பரப்பின்மீது விழும் ஒளியை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்களில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் வரம்பு. ஒளி அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்குவது நெறிமுறைக் குழுவின் மூன்று கூட்டங்களுக்கு ஆகும் தேநீர்ச் செலவைவிட அதிகமாகாது.

நன்கொடைகளின் நிபந்தனைகளையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். இங்குள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் 1949இல் ‘விற்கக் கூடாது’ என்ற நிபந்தனையோடு கொடுத்த 101 படைப்புகளின் கதை, நிதி நெருக்கடி வந்தபோது பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் இழுபட்டது. கடைசியில் 2012இல் பாதிப் பங்கு மூன்று கோடி டாலருக்கு வேறோர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இப்போது தொகுப்பு இரு இடங்களுக்கும் மாறி மாறிப் பயணம் செய்கிறது.

மீண்டும் கேள்வியாளர்
பதிவிட்டவர்: நூலகத்துத் திண்ணை

ஒரு மாதத்துக்குப்பின் எழுதுகிறேன். அச்சிட்ட ஒப்புகைச் சீட்டுகளில் முக்கால் பங்கு கையொப்பத்தோடு திரும்பி வந்துவிட்டன. முன்னோர் பரிசு என்றவர் எழுத்தில் எதுவும் தரவில்லை. படத்தை மட்டும் நூலகத்துக்கு அனுப்பிவிட்டார். எனாமல் பூச்சுக்கான மதிப்பீடு இந்த ஆண்டும் வந்திருக்கிறது. ‘பாதுகாப்பாளரின் கருத்துப் பெறும்வரை நிறுத்திவைக்க’ என்று பதிவாளர் அதன் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

சுவர்ச் சித்திரத்தின் பற்றுச்சீட்டு, கண்காணிப்பாளர் ஐயா சொன்னபடியே, ‘உள் அலங்காரம்’ கோப்பில் கிடைத்தது. கலைஞர் காலமாகிவிட்டார். அதிலுள்ள முகவரிக்கு எழுதினேன். அவருடைய மகள் பதில் அனுப்பியிருக்கிறார். இடிப்பதற்கு முன் ஒருமுறை வந்து பார்க்க அனுமதி கேட்கிறார். தந்தையார் அந்தச் சித்திரத்துக்காகத் தாளில் வரைந்த முழு அளவு மாதிரி தம் வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடப்பதாகவும் எழுதியிருக்கிறார். சுவரோடு அறுத்தெடுக்க முடியுமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கருத்துக் கேட்டிருக்கிறோம். அடுத்த ஆட்சிக்குழுவின் பொருள் நிரலில் இது ஏழாவதாக இருக்கிறது. பரணில் சுருட்டிக் கிடக்கும் தாளை எப்படி விரிப்பது என்பதைச் சேமவைப்பறை ஐயா தனியாக எழுதினால் உதவியாக இருக்கும். அதுவரை அதைப் பிரிக்க வேண்டாம் என்று அந்த அம்மையாருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.